இடது பக்கம் அரை அங்குலம்

பிளவுஸ் தைப்பவன் பெண்களின் உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இந்த வேலையில் நிலைத்தவர்கள் யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை. ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே ஒரு பட்டை வைத்துச் சமன் செய்வோம். முதுகு கூன் விழுந்திருந்தால் பின்கழுத்தை ஏற்றி வெட்டுவோம். வந்தவர் கண்ணாடியைப் பார்த்து, "நல்லா ஒக்காந்திருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் செய்த வேலை துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இருக்கும். வெளியே வராது.

எனக்கு அது வசதியாக இருந்தது. நான் இயல்பிலேயே கூச்சப்படுகிறவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில்தான் இத்தனை வருடமும் என் மிஷின் ஓடுகிறது. அளவு எடுப்பதுகூட நான் இல்லை. முதலாளியின் மனைவி திரைக்குப் பின்னால் நாடாவைப் பிடித்து எண்களைச் சொல்வார். நான் இந்தப் பக்கம் நின்று சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். வீடு கிள்ளானில். காலையில் கொமுட்டர் ரயிலில் வருவேன், மாலையில் அதிலேயே திரும்புவேன்.

முப்பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். அவளுக்கு முப்பத்து நாலு. கிள்ளானில் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் அதே வேலைதான். இரண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும் என்று ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டு அவள் அக்கா அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"நான் ஒண்ணு சொல்லிருறேன்" என்றாள். "பின்னால தெரிஞ்சி நீங்க கேட்டா நல்லா இருக்காது. இருபத்தாறு வயசுல பார்டர் தாண்டிப் போயி ஒரு ஆபரேஷன் செஞ்சிருக்கேன். நெஞ்சுல. நோய் எதுவும் இல்ல. உள்ள சிலிக்கான் வெச்சிருக்கு. எனக்கு ஆசையா இருந்திச்சி, செஞ்சேன்."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த "சரி"க்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாகப் பின்னால் சொன்னாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குச் சொந்தமாக இரண்டு நாற்காலி போட்டு ஒரு சலூன் வைக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகத் தனியாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பிளவுஸ் எல்லாம் நான் தைத்ததுதான். புதுத் துணி வந்தால் பழைய பிளவுஸை எடுத்துக் கொடுப்பாள். அதை வைத்து வெட்டுவேன். தைத்ததைப் போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்பாள். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்து, ஊசி குத்தி, மறுநாள் திருத்திக் கொண்டுவருவேன். நான்கு தீபாவளிக்கு முன்னால் ஒரு பச்சைப் பட்டுக்குத் தைத்த பிளவுஸில் இடது பக்கம் சரியாக விழவில்லை. மார்புக்குத் துணியை மடித்துப் பிடிக்கும் மடிப்பை நாங்கள் டாட் என்போம். அதன் முனை நிற்க வேண்டிய இடத்துக்குக் கால் அங்குலம் கீழே நின்றது. உடம்பு மேலே ஏறியிருந்தது.

எந்தப் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பதில்லை. தையல்காரனுக்கு இது தெரியும். நான் இடது டாட்டைக் கால் அங்குலம் ஏற்றினேன். கீழே தொளதொளத்த இடத்தில் லைனிங்குக்குள் மெல்லிய பஞ்சுப் பேடு ஒன்று வைத்தேன். நோட்டில் என் மனைவியின் பக்கத்துக்கு மேலே பெயர் போடுவதில்லை, 'வீடு' என்று மட்டும் இருக்கும். அதில் தேதி போட்டு 'இடது 1/4 மேலே' என்று எழுதினேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு அரை அங்குலம் ஆனது. பேடைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். அதற்கடுத்த தீபாவளிக்கு அரைக்கும் மேலே. அந்த வருடத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு பேடு. கணவன் மனைவிக்குள் இது தெரியாமலா இருக்கும் என்று கேட்கலாம். நாங்கள் விளக்கை அணைத்துவிடுகிற ஆட்கள். எனக்குத் தெரிந்தது துணி வழியாகத் தெரிந்ததுதான். துணியில் அதைச் சரி செய்ய எனக்கு வந்தது. சரி செய்தேன்.

அவளுக்கு இடது பக்கம் படுத்தால் வலித்தது. நாள் முழுக்கக் கையைத் தூக்கி முடி உலர்த்துகிற வேலை, அதனால் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள்.

போன வருடம் ஒரு நாள், அவள் பிளவுஸ் ஒன்றை ரயிலில் கொண்டுபோய்க் கடையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா வந்து மேசை பக்கம் நின்றார். பிளவுஸை எடுத்து உள்பக்கம் திருப்பினார்.

"இது யாரோடது?"

"ஒரு கஸ்டமர்."

"எங்க உள்ள கஸ்டமர்?"

"கிள்ளான்."

"கிள்ளான்லேருந்து இந்தக் கடைக்கு வர்றது ஒரே ஆளு, தம்பி. அது நீங்க."

நான் ஊசியில் நூல் கோத்தேன். கோத்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தேன்.

"ஒரு பக்கம் டாட்டு இவ்ளோ ஏறியிருக்கு. பேடு வேற இட்லி மாதிரி இருக்கு. எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"ஊட்டுல சொன்னீங்களா?"

"என்னத்த?"

"என்னத்தயா? கல்யாணத்துக்குப் போற கஸ்டமர்கிட்ட சொல்ல வேணாம், சரி. பொண்டாட்டிகிட்டயுமா சொல்ல மாட்டாங்க? நாளைக்கு லீவு. கூட்டிட்டுப் போங்க டாக்டர்கிட்ட."

அவர் புற்றுநோயை நினைத்துப் பயந்தார். எனக்கும் அந்தப் பயம் அப்போதுதான் முதல் முறையாக வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லவில்லை. "இந்த வயசுல எல்லாரும் ஒரு தடவ ஸ்கேன் செஞ்சிக்கணுமாம், கடை அக்கா சொன்னாங்க" என்றேன். அவள் உடனே சரி என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்கிறது.

புற்று இல்லை. இடது பக்கம் வைத்திருந்த சிலிக்கான் பை கிழிந்திருந்தது. அதைச் சுற்றி உடம்பு தானாக ஓர் உறையைக் கட்டி, அந்த உறை இறுகி, பையை மேலே தள்ளியிருந்தது. வலது பக்கம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை, பெரும்பாலும் நன்றாக இருக்கலாம் என்றார்கள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஆயுள் முழுவதற்கும் பொறுப்பு என்று அதில் இருந்ததாம். அந்த எண்ணுக்கு அடித்தாள். இணைப்பு இல்லை. அவளுடன் வேலை செய்யும் பெண் அந்தப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்தாள். அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்ததாம். மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிக்கல் கார்டு எடுத்துக் கொடுத்த ஏஜண்டைக் கேட்டோம். "அக்கா, அழகுக்குச் செஞ்சது லா. அதனால வர்றத கார்டு ஏத்துக்காது. நான் அனுப்பினாலும் திருப்பிருவாங்க" என்றார். பன்னிரண்டு வருடம் பணம் கட்டிய கார்டு. அவர்மேல் தப்பு இல்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. அவள் வாசித்துக் காட்டினாள்.

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வயதான சீன டாக்டர் பார்த்தார். இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிது வைக்க இருபத்தாறாயிரம் வெள்ளி. இடதை மட்டும் மாற்றினால் பதினாலாயிரம். சலூனுக்கு அவள் சேர்த்திருந்தது பதினெட்டாயிரம்.

அவள் கணக்குப் போட்டுவிட்டாள். இடதை மட்டும் மாற்றிக்கொள்வது, வலதை அப்படியே விடுவது, மிச்சத்தை வைத்து சலூனுக்கு மறுபடி ஆரம்பிப்பது. "வலது நல்லாத்தான இருக்கு. அதுக்கு எதுக்குக் காசு?" என்றாள்.

வலது நன்றாக இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த வருடப் பொங்கலிலிருந்து வலது டாட்டையும் கால் அங்குலம் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதலில் இடதும் இப்படித்தான் ஆரம்பித்தது.

சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். ரயிலில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் அவள் சாப்பாடு போடுவாள், நான் சாப்பிடுவேன். வலதைச் சொன்னால் இடதையும் சொல்ல வேண்டும். இடதைச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கப் போன அன்று டாக்டர் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே எழுதினார். எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் எப்போதிலிருந்து மாற்றம் தெரிகிறது என்று கேட்கிறார் என்பது புரிந்தது. ஏனென்றால் அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு மாதம். டாக்டர் அதை எழுதப் போனார்.

"டாக்டர், டுவா தாஹூன் சுடா" என்றேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று மலாயில் சொன்னேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து 'வீடு' பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். நான் தையல்காரன் என்று மலாயில் விளக்கினேன். இடது, தேதி, கால். இடது, தேதி, அரை. கடைசி மூன்று வரியில் வலது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது, எண்கள் தெரியும். அந்தக் கடைசி வரிகளைக் காட்டி இது எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தேதி குறிக்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டரை."

"அப்ப நான் போட்ட பிளவுஸெல்லாம்?"

"உள்ள பேடு இருக்கு."

"வலி வந்தப்பல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு சேலையக் கட்டிப் பார்ப்பேன். பிளவுஸ் கரெக்டா ஒக்காரும். அப்ப ஒண்ணுமில்ல, வேல செஞ்ச வலின்னு போயிருவேன்."

நான் காரைக் கிளப்பவில்லை. என் வேலை நன்றாக இருந்ததுதான் தப்பாகிப்போனது என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்த பிளவுஸ்களை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். என் தையல் பெட்டியிலிருந்து பிரிக்கும் கத்தியை எடுத்து லைனிங்கை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பேடுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தாள். பதினொன்று. முதலாவது பிஸ்கட் அளவு இருந்தது. கடைசியைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"வேற எதுக்காச்சும் பேடு வெச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

"இல்ல."

பேடுகளைப் பார்த்தபடியே, "நானும் பாக்காமதான் இருந்தேன்" என்றாள்.

எம்ஆர்ஐயில் வலதும் கிழிந்திருந்தது தெரிந்தது. இடதை மட்டும் மாற்றுவது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இனி இரண்டு வழி. கடன் வாங்கி இரண்டையும் புதிதாக வைப்பது, அல்லது அரசாங்க மருத்துவமனையில் இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விடுவது. எடுப்பதை அங்கே செய்துதருவார்கள், காத்திருக்க வேண்டும்.

"வெக்கவா, வேணாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"அந்த வார்த்தைய இனிமே சொல்லாதீங்க. நான் கேக்குறது ஒங்களத்தான்."

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாசாரில் அவள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "வேணாம்" என்றேன்.

"கத்தரிக்காயா?"

"அது இல்ல. வெக்க வேணாம்."

சுற்றுமுற்றும் பார்த்தாள். காய்க்காரர் வேறு ஆளுக்கு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"இன்னும் இருபது வருஷத்துல அதுவும் இப்படித்தான் ஆகும். அப்போ எனக்கு எழுபது தாண்டிரும். யாரு அலையிறது?"

"இதச் சொல்ல ரெண்டு நாளா?" ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "ரெண்டும் இல்லாம நான் எப்படி இருப்பேன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"எப்படி இருப்பேன்?"

"தெரியல. பாத்தாத்தான் தெரியும்."

நன்றாக இருப்பாய் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லி வந்திருந்தேன். அவள் காய்க்காரரிடம் அரை கிலோ போடச் சொன்னாள். அரசாங்க மருத்துவமனைக்கு அடுத்த வாரம் டாக்டரின் கடிதம் கொண்டுபோனோம்.

நான்கு மாதம் காத்திருந்தோம். ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. எடுத்ததை டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காட்டினார். வலது பை ஓரளவு பையாக இருந்தது. இடது, மூடி திறந்து விட்ட பசை போல இருந்தது. அக்குளில் ஒரு நெறிக்கட்டிக்குள் கொஞ்சம் சிலிக்கான் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை எடுக்கவில்லை, வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேனில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் அது அங்கே போயிருக்காதா என்று மலாயில் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

இரண்டு பக்கமும் குழாய் வைத்து, வடிகிற நீரைச் சேர்க்க இரண்டு குப்பி தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் காலையும் மாலையும் நான்தான் ஊற்றி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். "சாப்புடுற நேரத்துல சொல்லாதீங்க" என்று ஒரு நாள் திட்டினாள்.

அரசாங்கத்தில் கட்டியது சொற்பம். அதற்கு முன்னால் தனியாரில் பார்த்தது, ஸ்கேன், எம்ஆர்ஐ, வேலைக்குப் போகாத இரண்டு மாதம், எல்லாமாகச் சேர்ந்து சலூன் பணத்தில் ஏறக்குறைய பாதி போனது. அவள் பழைய சலூனுக்கே மறுபடி வேலைக்குப் போய்வருகிறாள். ஆரம்பத்தில் கையைத் தூக்க முடியாமல் முடி கழுவுகிற வேலை மட்டும் செய்தாள். கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, "தட்டையா இருக்கு. ஆனா இடது பக்கம் படுக்க முடியுது" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம், தழும்புக்குக் களிம்பு தடவும்போது வலது தழும்பின் ஓரத்தில் சிவந்து ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. கடுகு அளவுதான். அவளுக்கு அது தெரியாது. நான் கையை எடுக்காமல், "இங்க ஒண்ணு இருக்கு" என்றேன்.

"என்னது?"

"தெரியல. நேத்து இல்ல. இன்னிக்கு இருக்கு."

அவள் முகம் மாறியது. நான் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. இருவரும் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். எண் வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். இடுக்கியால் ஏதோ பிடித்து இழுத்து, பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். நூல். உள்ளே கரைய வேண்டிய தையலில் ஒரு துண்டு கரையாமல் வெளியே வந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஒரு நூலுக்கு ரெண்டு பேரு ஒரு நாள் சம்பளம்" என்றாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.

"அப்படி நான் சொன்னேனா?" என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். எதிர்ப்பக்கக் கடையில் தோசை இருந்தது. அங்கே போனோம்.